அருளப்பு அண்ணையின் முகமில்லாத படம்

போன மாதம் லண்டன் டூட்டிங்கில் மரக்கறி வாங்க நின்ற இடத்தில், எனக்கு முன்னால் நின்ற பிள்ளை ஒருத்தி பவுடர் டின் ஒன்றைக் கைதவற விட்டுவிட்டாள். மூடி கழன்று தரையெல்லாம் வெள்ளை. சந்தன வாசனையும் பழைய அலுமாரி வாசனையும் கலந்து எழும்பியது. கடைக்காரர் துடைப்பம் எடுக்க உள்ளே ஓடினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னையும் அறியாமல் வலது காலை அந்தப் பவுடரில் வைத்து மெதுவாக ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். நன்றாக வழுக்கியது. "அங்கிள், கெயார்ஃபுல்" என்று அந்தப் பிள்ளை என் முழங்கையைப் பிடித்தாள். அறுபதைத் தாண்டிய ஒரு மனிதன் வெண்டிக்காய்ப் பையோடு பலசரக்குக் கடையில் சறுக்கி விளையாடினால் யார்தான் பிடிக்க மாட்டார்கள்.

பிள்ளைக்கு விளக்கம் சொல்லக் களைப்பாக இருந்தது. இப்போதெல்லாம் எதையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்க வேண்டும் என்று நினைத்தாலே களைத்துவிடுகிறது. நீங்கள் என்றால் பொறுமையாகக் கேட்பீர்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன். ஒரு காலத்தில் நாங்கள் பவுடரை முகத்துக்குப் பூசியதைவிட நிலத்துக்குப் பூசியதுதான் அதிகம். நோர்பரியில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் சின்ன மண்டபம் ஒன்று இருந்தது. அதன் பலகைத் தரையில் ஆடுகிறவர்களின் கால் வழுக்கிப் போகவேண்டும் என்று டின் டின்னாகக் கொட்டினோம். அங்கேதான் அருளப்பு அண்ணை தன் வாழ்நாளின் ஒரே படத்தை எடுத்தார். தமிழில் டாங்கோப் பாட்டு எழுதிய ஒரே மனிதரும் அவர்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சந்தோசப்படுவேன்.

எண்பதுகளின் நடுவில் நான் லண்டனுக்கு வந்து, டூட்டிங்கில் கலியாணவீடு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு வீடியோ எடுக்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஊரில் படித்தது கணக்கியல். இங்கே வந்து சுமந்தது ஒரு ஆட்டுக்குட்டி அளவு கமரா. என் வலது தோள் இன்றைக்கும் கொஞ்சம் தாழ்ந்துதான் நிற்கிறது. கோட்டு தைக்கப் போனால் எந்தத் தையற்காரரும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

அந்த வேலையில் ஒரு விசித்திரம் இருந்தது. கமராவின் வெளிச்சம் மண்டபத்தில் எந்த வரிசைப் பக்கம் திரும்பினாலும், அந்த வரிசையில் பாதிப் பேருக்குத் திடீரென்று சப்பாத்து நாடா அவிழ்ந்துவிடும். குனிந்துவிடுவார்கள். வெளிச்சம் போனபிறகு நிமிர்வார்கள். மாப்பிள்ளையின் சொந்தத் தமையனே குனிந்திருந்த வீடியோ ஒன்றை நான் எடுத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அதைப் பார்த்த பெண்ணின் தாய், "எங்கட ஆக்கள் எல்லாரும் நிலத்தில என்ன தேடுகினம்?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். முதலாளி என்னைத்தான் ஏசினார்.

அவர்கள் தேடியது ஒன்றுமில்லை. குரோய்டனில் குடிவரவு அலுவலகம் இருந்த அந்தப் பெரிய கட்டடத்தில் எல்லோருடைய அகதி கேஸும் கிடந்தது. சிலருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, ஆனால் செய்தார்கள். சிலர் தங்கள் பெயரில் வரவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஊரில். இங்கே எடுத்த கசெட் கொழும்பு வழியாக யாழ்ப்பாணம் போகும். அங்கே ஜெனரேட்டர் போட்டு, வாடகை வீடியோ டெக்கில் தெருவே கூடியிருந்து பார்க்கும். அந்தத் தெருவில் யார் யார் இருப்பார்கள், யாரிடம் போய் என்ன சொல்வார்கள் என்று எவருக்குத் தெரியும்? அதனால் குனிந்தார்கள். எனக்கும் கேஸ் கிடந்ததுதான். ஆனால் கமராவுக்குப் பின்னால் நிற்பவன் குனியத் தேவையில்லை. அந்த வேலையில் எனக்கிருந்த ஒரே வசதி அது.

அருளப்பு அண்ணை ஒரு நாள் கடைக்கு வந்தார். ஐம்பதை நெருங்கிய, நெடுத்த, ஒடிசலான மனிதர். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். கண்ணாடிக்குள் இருந்த கமராவைக் காட்டி, "கலியாணம் இல்லாத நாளில உது என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"நித்திரை கொள்ளுது" என்றேன்.

"புதன்கிழமையில எழுப்பித் தாருமன். நான் ஒரு படம் எடுக்கப் போறன்."

முதலாளி எப்படிச் சம்மதித்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கமராவோடு நானும் போகவேண்டும், வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்று மட்டும் சொன்னார். அப்படித்தான் நான் தமிழ்ச் சினிமாவின் ஒளிப்பதிவாளர் ஆனேன். ஒரு படத்துக்கு.

அருளப்பு அண்ணை மன்னார்ப் பக்கத்துக் கரையூர் ஒன்றில் பிறந்தவர். இளவயதில் மாதாகோயிலுக்குப் பாட்டுக் கட்டியிருக்கிறார். கொழும்புக்குப் போய் சில மெல்லிசைப் பாடல்கள் எழுதி, அவை ரேடியோவிலும் போயிருக்கின்றன. பிறகு கப்பலில் சேர்ந்துவிட்டார். அந்தக் கப்பல் இயந்திரம் பழுதாகி புவெனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் மாதக்கணக்காகக் கிடந்தது. உலகத்தில் அவருக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அந்த இயந்திரம் பழுதானதுதான் என்பார். துறைமுகத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒரு மனுசி மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பாடுவாராம். மொழி விளங்கவில்லை. கப்பல் சமையற்காரனிடம் என்ன பாடுகிறாள் என்று கேட்டிருக்கிறார். "எல்லாப் பாட்டும் ஒண்டுதான். அவள் போயிட்டாள், இருந்த தெரு இடிஞ்சு போச்சு, தாய்க்கு வயசு போட்டுது" என்றானாம்.

"எங்கட ஆக்கள் எழுதின மாதிரிக் கிடந்துது. அதாலதான் விட ஏலாமல் போச்சு" என்று அண்ணை சொன்னார்.

டாங்கோ என்றால் என்ன என்று தெரியாத என்னைப்போன்றவர்களுக்கு அவர் வைத்திருந்த விளக்கம் இது: "சண்டை பிடிச்ச புருசனும் பெண்சாதியும் ஒரே குடைக்குள்ள வீட்டுக்குப் போறதை யோசிச்சுப் பாரும். முகம் குடுக்க மாட்டினம். ஆனா அடி பிசகாது." கலியாணம் கட்டியபிறகுதான் இது எவ்வளவு சரி என்று எனக்கு விளங்கியது.

கப்பல் ஒரு தடவை லண்டனுக்கு வந்தபோது இறங்கியவர் திரும்பி ஏறவில்லை. ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. நாள் முழுக்க ஈரப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் கொடுத்து எடுப்பார். பாட்டு எழுதுவது வேலை முடிந்து வரும்போது, நடந்துகொண்டே. ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லி நோர்பரியில் இருந்து தோர்ன்டன் ஹீத் வரை நடப்பார். எந்தச் சொல்லில் கால் தட்டுப்படுகிறதோ அந்தச் சொல்லை எறிந்துவிடுவார். சில நாட்கள் வீட்டு வாசல்வரை வந்து, வரி சரிவராமல் திரும்பி நடந்துபோவதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் பாவம், இவருக்கு வீட்டில் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு தேநீர் குடிக்கக் கூப்பிட்டாராம். அண்ணை தனியாகத்தான் இருந்தார். பிரச்சினை கொடுக்க வீட்டில் ஒருவரும் இல்லை.

படத்துக்காக அவர் எழுதிய பாட்டின் தொடக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம்:

விளக்கை அணைக்காமல் போ,
உன் நிழல் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.
கதவைச் சாத்தாமல் போ,
உன் காலடி தெருமுனைவரை கேட்கட்டும்.

நான் கணக்கியல் படித்தவன் அல்லவா. "ஆள் போனா நிழலும் போயிடுமே அண்ணை?" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "உம்மை ஒருத்தரும் விட்டிட்டுப் போகேல்ல, அதுதான்" என்றார். அப்போது சிரித்தேன். பிறகு என்னையும் சிலபேர் விட்டுவிட்டுப் போனார்கள். அவர் சொன்னது சரிதான்.

படத்தின் கதை சின்னது. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மண்டபத்தில் சந்தித்து ஆடுகிறார்கள். ஒருவர் பெயரை ஒருவர் கேட்பதில்லை. ஒரு வாரம் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கடைசியில் அவன் தனியே நின்று, தலையை நிமிர்த்தி வாசலைப் பார்க்கிறான். அந்த முகத்தோடு படம் முடிகிறது. அந்த முகத்துக்காகத்தான் மிச்சம் எல்லாம் என்று அண்ணை முதல் நாளே சொல்லியிருந்தார்.

பெண்ணாக ஆடியவர் றெஜினா அக்கா. விடியற்காலையில் ஒபிஸ்கள் துப்புரவு செய்துவிட்டு அப்படியே வருவார். ஆணாக ஆடியவன் நேசன். யாழ்ப்பாணத்துப் பெடியன், இருபத்து மூன்று வயது இருக்கும், பெட்ரோல் ஸ்டேசனில் இரவு ஷிப்ட். இன்னும் நாலைந்து பேர் சுற்றி ஆட வருவார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மண்டபத்தில் முழு நித்திரை கொண்ட மனிதர் ஒருவரும் இருக்கமாட்டார். சுவரில் சாய்ந்தால் சாய்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார்கள். இசைக்கு ஒரு ஹார்மோனியமும் ஒரு வயலினும் சேர்த்து கோயில் ஆட்கள் பதிந்து கொடுத்த கசெட். அது டாங்கோ மாதிரியும் இருந்தது, திருப்பலி மாதிரியும் இருந்தது.

ஆட்டத்தில் பெண் பின்பக்கமாகத்தான் நடக்கவேண்டும். றெஜினா அக்காவுக்கு அது பிடிக்கவே இல்லை. "பின்னால என்ன கிடக்கெண்டு தெரியாமல் எப்பிடி அண்ணை கால் வைக்கிறது?"

"லண்டனுக்கு அப்பிடித்தானே பிள்ளை வந்தனாங்கள்" என்றார் அண்ணை.

முதல் நாள் படப்பிடிப்பில் நான் விளக்கைப் போட்டேன். அண்ணை, "எல்லாரும் தலையை நிமித்துங்கோ" என்றார். ஒருவர்கூட நிமிரவில்லை. ஒருவருக்கு நாடா அவிழ்ந்தது. இன்னொருவருக்கு அவசரமாகச் சிகரெட் பற்றவைக்கவேண்டி வந்தது. மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். கலியாணவீடு திரும்பி வந்துவிட்டது. இவர்கள் ஆடத்தான் வந்தவர்கள், ஆட ஆசைப்பட்டவர்கள். ஆனால் படத்தில் முகம் வரும் என்பதை விளக்கு எரியும்வரை யாரும் யோசிக்கவில்லை. அண்ணையும் யோசிக்கவில்லை. கப்பலில் வந்து எப்போதோ விசா எடுத்துவிட்டவருக்கு இந்தப் பயம் பழக்கமில்லை.

கடைசியில் றெஜினா அக்காதான் சொன்னார். "அண்ணை, கால் வேணுமெண்டா எடுங்கோ. முகம் ஏலாது."

அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். மதியம்வரை இருந்தார். நாங்கள் ஒவ்வொருவராகக் கழன்றோம். எனக்கு அன்றைக்கு அவர்மேல் பெரிய இரக்கம் எல்லாம் வரவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

அடுத்த புதன் அவர் வந்தபோது கையில் பவுடர் டின்கள். "சரி. இது காலின்ர படம்" என்றார். அந்த டின்கள் றெஜினா அக்காவின் முகத்துக்கென்று வாங்கியவை. திறந்து தரையில் கொட்டினார். என்னை நிலத்தில் குப்புறப் படுக்கச் சொன்னார். கமராவை ஒரு அரிசிப் பையில் சாய்த்து வைத்தேன். லண்டன் பனிக்காலத்தில் சூடு போடாத மண்டபத்தில் வயிறு தரையில் படக் கிடந்திருக்கிறீர்களா? எனக்கு இப்போதும் பனிக்காலம் வந்தால் முதலில் குளிர்வது வயிறுதான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். காலை மட்டும் பார்க்கப் பார்க்க எனக்கு ஏதோ பிடிபட்டது. முகம் பொய் சொல்லிப் பழகியது. குரோய்டனில் சொல்லும், வேலையில் சொல்லும், ஊருக்குப் போன் எடுத்தால் நல்லாயிருக்கிறன் என்று சொல்லும். கால் பழகவில்லை. றெஜினா அக்காவின் கால் களைத்தால் களைத்ததாகவே தெரிந்தது. நேசனின் கால் ஆசைப்பட்டால் ஆசைப்பட்டதாகவே தெரிந்தது. அவன்தான் எல்லோரிலும் நன்றாக ஆடினான். வலது குதியைக் கொஞ்சம் வெளியே எறிந்து ஒரு நடை. அண்ணை திருத்தப் பார்த்து, பிறகு அது அழகு என்று விட்டுவிட்டார்.

எத்தனையோ புதன்கிழமைகள் போயின. கலியாணச் சீசன் வந்தால் நிற்கும், பிறகு தொடங்கும். எல்லாம் எடுத்தாயிற்று. கடைசி முகம் மட்டும் பாக்கி.

"ஒரு முகமாவது வேணும். இல்லாட்டி இது சப்பாத்துக் கடை விளம்பரம்" என்றார் அண்ணை. ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். கேட்க வெட்கப்படும் மனிதர், அவ்வளவு வெட்கத்தையும் விட்டுக் கேட்டார். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார். பாட்டு வரிகளைத் திருத்துவதையும் விட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் நேசன் தானாகவே சொன்னான். "நான் நிக்கிறன் அண்ணை. என்னத்துக்குப் பயப்பிடுறது. எடுங்கோ."

அன்றைக்கு முதல் தடவையாக நான் எழும்பி நின்று கமராவைத் தோளில் வைத்தேன். அண்ணை அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "நடிக்காதை. வாசலைப் பார். ஒராள் வரவேணும். வரேல்ல." இரவு ஷிப்ட் முடிந்து வந்தவன், கண் சிவந்திருந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தான். அந்தக் காலத்துக் கமராவில் நாங்கள் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். அதற்குள் அந்த முகம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஊரில் விட்டு வந்த ஒவ்வொருவரையும் அவன் அந்த வாசலில் எதிர்பார்த்தான் என்று எனக்குப் பட்டது. அண்ணை "போதும்" என்று சொல்ல மறந்துவிட்டார். ஹார்மோனியம் முடிந்து கசெட் வெறுமனே இரைந்தது. பிறகு அவர் போய் எல்லோருக்கும் பிளேன் டீ ஊற்றினார். சந்தோசமாக இருந்த அருளப்பு அண்ணையை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அடுத்த புதன் நேசன் வந்தான். சப்பாத்து மாற்றவில்லை. கோட்டும் கழற்றவில்லை.

"அண்ணை, அண்டைக்கு எடுத்ததை அழிக்கவேணும்."

"ஏன்ரா?"

"நான் செத்துப்போனன்" என்றான். முசுப்பாத்தி விடுகிறான் என்று றெஜினா அக்கா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

அந்தக் கிழமை அவனுடைய ஊர்க்காரர் ஒருவர் லண்டனுக்கு வந்து சேர்ந்திருந்தார். அவர்தான் செய்தி கொண்டுவந்தவர். இயக்கத்தில் சேர்ந்துவிட்டான் என்ற சந்தேகத்தில் ஆமி வீட்டுக்கு வந்து மகன் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. தாய் தாங்கமாட்டாமல், இந்தியாவுக்குப் போன வள்ளம் கவிழ்ந்து செத்துப்போனான் என்று சொல்லிவிட்டார். நம்பவேண்டுமே. அவனுடைய பள்ளிக்கூடப் படத்தைப் பெருப்பித்துச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, விளக்கும் ஏற்றியிருக்கிறார். பிறகு வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்களாம். கடிதத்தில் எழுதப் பயந்து, தாய் இதை மகனுக்கே சொல்லவில்லை. அவர் உயிரோடு இருக்கிற மகனுக்கு ஒவ்வொரு நாளும் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

"உந்தக் கசெட் ஊருக்குப் போய், ஆரும் கண்டு ஒரு கதை கதைச்சாக் காணும். அம்மாவைக் கொண்டு போயிடுவாங்கள்" என்றான் நேசன்.

"நான் ஊருக்கு அனுப்ப மாட்டன்ரா."

"நீங்கள் அனுப்ப மாட்டியள் அண்ணை. கசெட் போகும்."

அது உண்மை என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும். அண்ணை வாதாடவில்லை, கெஞ்சவில்லை. என்னிடம் கசெட்டைப் பின்னுக்குச் சுற்றச் சொன்னார். எங்களிடம் இருந்தது அந்த ஒரே கசெட்தான், நகல் எடுத்திருக்கவில்லை. கமராவை வெறுந்தரையைப் பார்க்க வைத்து, பதிவுப் பொத்தானைத் தானே அழுத்தினார். முகத்துக்கு மேலாகத் தரை பதியத் தொடங்கியது. பவுடரும் அதில் பழைய காலடிகளும். எவ்வளவு நேரத்துக்கு அழிக்கவேண்டும் என்று அளக்க, அவர் தன் பாட்டின் கடைசி வரிகளை வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார். நேசன் தலையைக் குனிந்து நின்றான். எனக்கு அழுகை வந்தது. கமராவுக்குப் பின்னால் நின்றபடியால் ஒருவரும் பார்க்கவில்லை.

இப்படித்தான் படம் முடிந்தது, வெறுந்தரையில். அதே மண்டபத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் டிவியை உயர மேசையில் வைத்துக் காட்டினோம். முகத்தை மறைத்து ஒரு பயனும் இல்லை என்பது தொடங்கியதுமே தெரிந்துவிட்டது. எங்கள் சனம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சப்பாத்தைக் கழற்றி வைத்து வாழும் சனம். காலைக் கண்டால் ஆளைத் தெரியாதா? "அது பெட்ரோல் ஸ்டேசன் நேசன்ர நடையெல்லோ" என்று பின்வரிசையில் இருந்து குரல் வந்தது. மண்டபம் சிரித்தது. நேசனும் சிரித்தான். சபையில் எல்லோரும் இங்கே அவனைத் தெரிந்தவர்கள், அதனால் பயமில்லை. ஊரில் ஒரு ஆமிக்காரன் குதியைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

முடிந்தபிறகு எழுந்த ஒரு படித்த மனிதர், கடைசியில் வரும் வெறுந்தரை எங்கள் இழந்த மண்ணின் குறியீடு என்று நீண்ட நேரம் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணை கையைக் கட்டிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். நான் வயரைச் சுற்றத் தொடங்கினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நேசன் இறந்துபோனான். ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவன் எழும்பவில்லை. இதயம் என்றார்கள். முப்பது வயதாகவில்லை. குரோய்டனில் அவனுடைய கேஸும் முடியவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அந்த வருடங்களில் இப்படிப் பல பேர் போனார்கள். பகலில் தூங்கி இரவில் விழித்து, இரண்டு வேலை செய்து, ஊருக்கும் அனுப்பி, ஒரு நாள் அப்படியே.

அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு அவனுடைய தாய் லண்டனுக்கு வந்தார். நேசனின் தங்கை இங்கே கலியாணம் கட்டி வந்து, நோர்பரியில் இருந்துகொண்டு தாயை எடுப்பித்தாள். வந்தவரிடம் யாரோ, உங்கட மகன் ஒரு படத்தில் நடித்தவன் என்று சொல்லிவிட்டார்கள். அவர் அதைப் பார்க்கவேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பினார். ஒரு பின்னேரம் அண்ணையும் றெஜினா அக்காவும் நானும் கசெட்டோடு போனோம்.

அந்த அம்மா கதிரையில் இருக்க மறுத்துவிட்டார். டிவிக்குக் கிட்ட நிலத்தில் இருந்துகொண்டார். நான் கசெட்டைப் போட்டேன். கால்கள் வந்தன. யார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"இது என்ர பிள்ளை" என்றார். "வலது குதியை வெளியில எறிஞ்சுதான் நடப்பான். எத்தினை தரம் பேசியிருப்பன்."

கையை நீட்டிக் கண்ணாடியில் அந்தக் காலைத் தொட்டார். அதன்பிறகு அவர் கண் எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவை காட்சி மாறும்போதும் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, மேலே பார்க்க முயன்றார். டிவியின் மேல்விளிம்புக்கு மேலே அவனுடைய மிச்சம் இருக்கிறது என்பதுபோல. பாட்டு முடியப் போனது. வெறுந்தரை வந்தது. பவுடர், காலடிகள். பிறகு திரை இரைந்தது.

"முகம் வரேல்லையே தம்பி?"

நான் கசெட்டை நிறுத்தினேன்.

"படம் வீட்டில கிடந்தது. நான் மாலை போட்ட படம். அவன் உயிரோட இருக்கேக்க போட்டனான். அதாலதான் போனானோ எண்டு ஒவ்வொரு நாளும் நினைக்கிறன். என்ர கையாலதானே போட்டனான்." அவர் அழவில்லை. அழுது முடித்தவரின் குரல் அது. "அந்தப் படம் அசையாது தம்பி. அசையிற முகம் ஒருக்காப் பாக்கத்தான் வரச் சொன்னனான்."

றெஜினா அக்கா, "அம்மா, அது வந்து" என்று தொடங்கினார். அண்ணை கையை நீட்டி அவரைத் தடுத்தார். கதிரையில் இருந்து இறங்கி, அந்த அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"அது என்ர பிழை அம்மா. எனக்கு முகம் எடுக்கத் தெரியாது. கமராவை எங்க வைக்கிறதெண்டு விளங்காமல், எல்லாத்தையும் கீழ வைச்சு எடுத்துப்போட்டன். நேசன் எடுங்கோ எடுங்கோ எண்டு சொன்னவன்தான். எனக்குத்தான் தெரியேல்ல."

ஒரு சொல்லில் கால் தட்டுப்பட்டால் இரண்டு மைல் திரும்பி நடக்கும் மனிதர் இப்படிச் சொன்னார். அந்த அம்மா அவருடைய கையைப் பிடித்தார்.

"பரவாயில்லை தம்பி. ஆரும் பழகித்தானே வாறது. அடுத்த படத்தில பாத்து எடுங்கோ."

"ஓம் அம்மா" என்றார் அண்ணை.

அடுத்த படம் வரவில்லை. பாட்டும் எழுதினாரா தெரியாது. தெருவில் அவர் நடப்பதைப் பார்ப்பேன், வாய் அசையாது. யாராவது அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "எனக்கு முகம் எடுக்கத் தெரியாதடாப்பா" என்று அதே பதில். அந்த அம்மாவின் காதுக்கு வேறு கதை போய்விடக்கூடாது என்பதற்காக முதலில் சொன்னார். அந்த அம்மா கண்ணை மூடியபிறகும் அதையே சொன்னார். மண்டபத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். வீடியோக் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார்கள். கசெட்டைப் பூஞ்சணம் தின்றுவிட்டது. கலியாணவீடுகளில் யாருக்கும் சப்பாத்து நாடா அவிழ்வதில்லை. கையை நீட்டித் தங்கள் முகத்தைத் தாங்களே எடுத்துத் தள்ளுகிறார்கள். பார்க்கச் சந்தோசம்தான். களைப்பாகவும் இருக்கிறது.

அருளப்பு அண்ணையின் செத்தவீட்டுக்கு அதிகம் பேர் வரவில்லை. பூசை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர், நல்ல மனிதர்தான், என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார். "பாட்டு நல்லா எழுதுவார். பாவம், படம் எடுக்கத்தான் தெரியாது."

மறுபக்கத்தில் றெஜினா அக்கா இருந்தார். அவருக்கு இப்போது நினைவு தப்பித் தப்பி வருகிறது, சில நாட்களில் என்னையே யார் என்று கேட்பார். அந்த மனிதரை நிமிர்ந்து பார்த்து, "ஓம், முகம் எடுக்கத் தெரியாது" என்றார். மறந்துபோய்ச் சொன்னாரா, அண்ணை சொன்னதைக் காப்பாற்றிச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

நானும் ஓம் என்றேன்.